‘பாசிட்டிவா இருங்க’: பலமல்ல, பாரமே!



சிகிச்சையில் இருக்கும் புற்றுநோயாளியிடம் ‘பாசிட்டிவா இரு’ என்று சொல்வது அவருக்குப் பலமா, பாரமா? பாரமே என்று வாதாட வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் நம்பிக்கையைப் பற்றி நிறையப் பேசினார். அதையெல்லாம் திருப்பிச் சொல்லி உங்கள் நேரத்தைக் கெடுக்க மாட்டேன். அவர் பேச்சிலிருந்து ஒரே ஒரு பெயரை மட்டும் என் பக்கம் எடுத்துக்கொள்கிறேன். கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங்.

“யுவராஜைப் பாருங்கள், மன உறுதியால் கேன்சரை ஜெயித்தார்!” என்றார். அரங்கம் அதிர்ந்தது. அதிரட்டும், அந்தக் கைதட்டலுக்கு உரிய மனிதர்தான். 2011 மார்ச் 20, நம்ம சேப்பாக்கம், எதிரே வெஸ்ட் இண்டீஸ். வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே நின்று 113 ரன் அடித்தார். அந்த உலகக் கோப்பையில் மொத்தம் 362 ரன், 15 விக்கெட், தொடர் நாயகன் விருது. இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன மன உறுதி வேண்டும்? ஆனால் நடுவர் அவர்களே, அந்த மன உறுதி உச்சியில் இருந்த நாட்களில்தான் உடம்பு காட்டிக்கொடுக்கத் தொடங்கியது. உலகத்தையே ஜெயித்த உறுதி, நெஞ்சுக்குள் இரண்டு நுரையீரலுக்கும் நடுவே வந்த ஒரு கட்டியைத் தடுக்கவில்லையே!

பிறகு என்ன நடந்தது? அதை எதிரணித் தலைவர் சொல்லாமல் தாண்டிவிட்டார். யுவராஜ் விமானம் ஏறி அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் போனார். அங்கே லாரன்ஸ் ஐன்ஹார்ன் என்ற மருத்துவரின் மேற்பார்வையில் மூன்று சுற்று கீமோ எடுத்துக்கொண்டார். யார் இந்த ஐன்ஹார்ன்? 1974இல் விரைப் புற்றுநோய்க்கு சிஸ்பிளாட்டின் என்ற மருந்தை வேறு இரண்டு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தவர். அந்த சிஸ்பிளாட்டின் எங்கிருந்து வந்தது? 1960களில் பார்னெட் ரோசன்பெர்க் என்ற விஞ்ஞானி, மின்சாரம் பாய்ந்தால் பாக்டீரியா எப்படி வளர்கிறது என்று பார்க்கப் போனார். பிளாட்டினக் கம்பியைப் போட்டதும் பாக்டீரியா பெருகுவது நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று விடாமல் தோண்டியதில் கிடைத்த மருந்து அது. யாரும் கண்ணை மூடி நல்லதே நடக்கும் என்று நினைத்துக் கிடைத்ததல்ல.

ஐன்ஹார்ன் வருவதற்கு முன்னால், உடம்பெங்கும் பரவிவிட்ட விரைப் புற்றுநோயிலிருந்து பத்தில் ஒருவர் பிழைத்தாலே அதிகம். அவர் வந்த பிறகு பத்தில் ஏழெட்டுப் பேர் பிழைத்தார்கள். யுவராஜுக்கு வந்த கட்டியும் இதே வகையறாதான். இப்போது எதிரணியைக் கேட்கிறேன். 1973இல் அந்த நோயில் செத்துப்போன இருபது வயதுப் பையனுக்கு மன உறுதி இல்லையா? அவன் சாமி கும்பிடவில்லையா? அவன் அம்மா அவனுக்குத் தைரியம் சொல்லவில்லையா? இரண்டே வருஷம் கழித்து, 1975இல் பிழைத்த பையனுக்கு மட்டும் மன உறுதி எங்கிருந்து வந்து குதித்தது? மனசு அதே மனசுதான் ஐயா, மாறியது மருந்து!

2012 செப்டம்பரில் யுவராஜ் மறுபடி சேப்பாக்கத்தில் இறங்கி நியூசிலாந்துக்கு எதிராக 34 ரன் எடுத்தார். ஒரு ரன்னில் தோற்றோம். தோற்ற வருத்தம் ஒரு பக்கம் இருந்தாலும் அவரைக் களத்தில் பார்த்ததே நமக்குப் போதும் என்றிருந்தது. அன்றைக்கு விழுந்த கைதட்டலில் பாதி அந்த மருந்தைக் கண்டுபிடித்தவர்களுக்குச் சேர வேண்டியது. எதிரணி முழுவதையும் அள்ளி ‘பாசிட்டிவ் எண்ணம்’ என்ற கணக்கில் வரவு வைக்கிறது. நான் இந்தக் கணக்கை ஒப்புக்கொள்ள மாட்டேன்!

ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். பிழைத்தவர் மன உறுதியால் பிழைத்தார் என்றால், பிழைக்காதவர்? அவருக்கு மன உறுதி போதவில்லை என்றுதானே அர்த்தம்! மழை பொய்த்துப் பயிர் கருகிய வயலில் நிற்கும் விவசாயியிடம் போய், ‘நீ மனசார உழவில்லை’ என்று சொன்னால் எப்படி இருக்கும்? அதைத்தான் துக்க வீட்டு வாசலில் நின்று சொல்கிறோம். “மனசு விட்டுட்டாங்க, அதான்” என்கிறோம். ஒரு பெண்ணின் துக்க வீட்டில் என் காதால் கேட்டிருக்கிறேன். அந்தப் பெண் மனசை விடவில்லை ஐயா, நோய் கல்லீரலுக்குப் பரவிவிட்டது! செத்த பிறகும் ஒரு மனுஷியைத் தேர்வில் தோற்றவளாக்குகிற இந்த வழக்கத்துக்கா பலம் என்று பெயர்?

எதிரணிச் சகோதரி, ‘அழுதால் எதிர்ப்புச் சக்தி குறையும்’ என்றார். சகோதரி, சிகிச்சையில் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பது கீமோ. கண்ணீர் மீது பழி போடாதீர்கள்!

பிறகு ஒரு அமெரிக்க ஆய்வைக் கொண்டுவந்தார். ஸ்டான்ஃபோர்டில் டேவிட் ஸ்பீகல் என்ற மருத்துவர் 1989இல் வெளியிட்டது. மார்பகப் புற்றுநோய் முற்றிய பெண்களைக் குழுவாக உட்கார வைத்துப் பேசவிட்டார்கள், அவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள். சரி. ஆனால் சகோதரி பாதியில் புத்தகத்தை மூடிவிட்டார். 2001இல் கனடாவில் அதே முறையைச் செய்துபார்த்தார்கள். மன வேதனை குறைந்தது, வலி குறைந்ததாக உணர்ந்தார்கள், ஆயுள் மட்டும் நீளவில்லை. 2007இல் அதே ஸ்பீகல் மறுபடி செய்துபார்த்தார். அப்போதும் மொத்தத்தில் ஆயுள் நீளவில்லை. அதே 2007இல் ஜேம்ஸ் காய்ன் குழுவினர் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 1,093 பேரின் விவரங்களை அலசினார்கள். மனநிலைக்கும் உயிர் பிழைப்பதற்கும் தொடர்பு எதுவும் கிடைக்கவில்லை.

அதைவிட முக்கியமான ஒன்றை இந்த அரங்கம் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்பீகலின் குழுவில் அந்தப் பெண்களைச் சிரிக்கவா சொன்னார்கள்? இல்லை! பயத்தைச் சொல்லச் சொன்னார்கள். கோபத்தைக் கொட்டச் சொன்னார்கள். சாவைப் பற்றி வாய்விட்டுப் பேசவிட்டார்கள். மனசு லேசானது அதனால்தான். எதிரணி எடுத்துக் காட்டிய சாட்சி என் பக்கம் நின்று பேசுகிறது, நடுவர் அவர்களே! நியூயார்க்கில் புற்றுநோயாளிகளின் மனநலத்துக்கென்றே தனி மருத்துவத் துறையை வளர்த்தவர் ஜிம்மி ஹாலண்ட் அம்மையார். ‘பாசிட்டிவா இரு’ என்ற வற்புறுத்தலுக்கு ‘நேர்மறைச் சிந்தனையின் கொடுங்கோன்மை’ என்று பெயரே வைத்தார் அவர். வாழ்நாளெல்லாம் நோயாளிகள் பக்கத்தில் உட்கார்ந்தவர் வைத்த பெயர் அது.

ஆய்வு போகட்டும். எங்கள் வீட்டுக்கு வாருங்கள்.

என் பெரியம்மாவுக்கு நிலக்கோட்டைப் பக்கம். பூக்கட்டுகிற கை. டிவியில் சீரியல் ஓடும், கண் அங்கே இருக்கும், விரல் பாட்டுக்கு மல்லிகையை இரண்டிரண்டாக அடுக்கி நூலைச் சுற்றிக்கொண்டிருக்கும். அவருக்கு மார்பில் கட்டி வந்தது. ஆபரேஷன் முடிந்து, வாரா வாரம் பாக்ளிடாக்செல் ஊசி. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே பாட்டு: “உங்களைப் பாத்தா பேஷண்ட்டுன்னே தெரியல! இதே சிரிச்ச முகத்தோட இருங்க, பாதி நோய் ஓடிடும்.” மருமகள் வாட்ஸப்பில் போட்டோ போட்டாள். சொந்தக்காரர்கள் நூறு இதயத்தைப் போட்டார்கள். பெரியம்மாவுக்கு அதுவே ஒரு வேலையாகிவிட்டது. யார் வந்தாலும் எழுந்து உட்கார்ந்து சிரிக்க வேண்டும். வாய்க்குள் புண், எச்சில் முழுங்கினால் எரியும், சோடா உப்பும் கல்லுப்பும் கலந்த தண்ணீரில் கொப்பளித்துவிட்டு வந்து சிரிப்பார்.

அந்த மருந்து விரல் நுனி நரம்பைப் பாதிக்கும். அதனால் ஒவ்வொரு தடவையும் டாக்டர் கேட்பார்: “விரல் மரத்துப்போகுதாம்மா?” பெரியம்மா சொல்வார்: “ஒண்ணும் இல்லைங்க டாக்டர், நல்லா இருக்கேன்.” நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்! ஊர் முழுக்கச் சொல்லிப் பழகின வாய், டாக்டரிடமும் அதையே சொன்னது. ஒருநாள் ஊசி போடும் அறையில் நர்ஸ் பார்த்துவிட்டார். பெரியம்மா ஜாக்கெட் ஊக்கைப் போட முடியாமல் திணறுகிறார். ஊக்கு கையில் இருப்பதே விரலுக்குத் தெரியவில்லை. நர்ஸ் ஓடிப்போய் டாக்டரிடம் சொன்ன பிறகுதான் மருந்தின் அளவைக் குறைத்தார்கள். முன்னமே சொல்லியிருந்தால் முன்னமே குறைத்திருப்பார்கள்.

நரம்பு திரும்பி வருவது மெதுவாகத்தான். சிலருக்கு முழுசாக வருவதே இல்லை. சிகிச்சை முடிந்து, பெரியம்மா இன்று வீட்டில் நடமாடுகிறார். ஆனால் பூவைக் கையில் எடுத்தால் நூல் நழுவுகிறது. காம்பு எங்கே, நூல் எங்கே என்று குனிந்து பார்த்துப் பார்த்துக் கட்டுகிறார். எதிரணித் தலைவரே, அந்தச் சிரித்த முகத்துக்குக் கொடுத்த விலை அந்த விரல்கள்! இதைப் பலம் என்று எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

விரலோடு போனதே என்று ஆறுதல் பட வேண்டியிருக்கிறது. கீமோ போட்டு ஏழிலிருந்து பதினான்கு நாளைக்குள் பெரும்பாலும் ரத்தத்தில் வெள்ளை அணுக் கவுன்ட் அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த நேரத்தில் தெர்மாமீட்டர் 100.4 காட்டினால், நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அப்போது போய், ‘எல்லாரும் பயந்துடுவாங்க, காலையில சரியாயிடும், பாசிட்டிவா நினைப்போம்’ என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டால் விடிவதற்குள் நிலைமை கைமீறலாம். ‘பயமா இருக்கு, என்னைக் கூட்டிட்டுப் போ’ என்று சொல்கிற வாய்தான் ஆளைக் காப்பாற்றும். அந்த வாயைத்தான் நீங்கள் அடைக்கிறீர்கள்!

எதிரணி வள்ளுவரையும் துணைக்கு அழைத்தது. துன்பம் வந்தால் சிரிக்கச் சொன்னாராம், இடுக்கணழியாமை அதிகாரத்தில். சொன்னார், மறுக்கவில்லை. அது 63ஆம் அதிகாரம். கொஞ்சம் பக்கத்தைப் புரட்டி 95ஆம் அதிகாரத்துக்கு வந்திருக்கலாமே! அதன் பெயர் மருந்து. நோய் என்று வரும்போது வள்ளுவர் சிரிப்பைப் பற்றிப் பேசவில்லை. கடைசிக் குறளில் வைத்தியத்தை நான்காகப் பிரிக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து கவனிப்பவர். நோயாளி நான்கில் ஒரு பங்கு! நீங்களோ நாலு பங்கையும் தூக்கி, ஏற்கெனவே முடி கொட்டி, நாக்கு ருசி செத்து, மாடிப்படி ஏற மூச்சு வாங்குகிற அந்த ஒருவர் தலையிலேயே வைக்கிறீர்கள். பாரம் என்பது வேறென்ன?

உண்மையான நம்பிக்கை எது என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு உதாரணம் உண்டு. 1923இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் உடன்பிறந்த சகோதரி புற்றுநோயில் இறந்தார். அம்மையார் ஊர் ஊராகப் போய் ‘தைரியமாக இருங்கள்’ என்று உபதேசம் செய்யவில்லை. முப்பது வருஷம் அதை நெஞ்சில் சுமந்து, பணம் திரட்டி, அரசாங்கத்தோடு மல்லுக்கட்டி, 1954இல் சென்னை அடையாறில் 12 படுக்கைகளோடு ஒரு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். அடுத்த வருஷமே அங்கே வேலைக்குச் சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021இல் கண்மூடும் வரை அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை. நம்பிக்கை என்றால் இதுதான்! நோயாளியிடம் கேட்டு வாங்குகிற நம்பிக்கை அல்ல இது, நோயாளிக்காக மற்றவர்கள் உழைத்து உண்டாக்கிய நம்பிக்கை.

‘அப்படியென்றால் நோயாளியிடம் என்னதான் சொல்வது?’ என்று எதிரணி கேட்டது. நல்ல கேள்வி. ஒன்றும் சொல்ல வேண்டாம், வேலை செய்யுங்கள்! சிகிச்சைக்குப் போய்வரும் புற்றுநோயாளிக்கு ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு, கூடப் போகிறவருக்கும் உண்டு. ஆஸ்பத்திரியில் அதற்கான சான்றிதழை வாங்கிக் கொடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ரேஷன் கார்டையும் ஆதாரையும் தூக்கிக்கொண்டு அந்த வரிசையில் நீங்கள் போய் நில்லுங்கள். அவருடைய பிள்ளைகளுக்கு ஒரு வேளை சோறு பொங்கிக் கொடுங்கள். வாய்ப்புண்ணோடு இருப்பவருக்கு ஆப்பிளும் மிக்சரும் வாங்கிப் போகாமல், காரம் இல்லாமல் குழைய வடித்த சோற்றில் மோரை ஊற்றி, ஆறவைத்துக் கொண்டுபோங்கள். அவர் ‘எனக்குப் பயமா இருக்கு’ என்றால், ‘சேச்சே, அப்படியெல்லாம் பேசக் கூடாது’ என்று கையை உதறாமல், ‘சொல்லுங்க, என்ன பயம்?’ என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். உங்களால் தாங்க முடியாவிட்டால், அந்த அடையாறு மருத்துவமனையில் இதற்கென்றே மனநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கூட்டிப் போங்கள். வள்ளுவர் சொன்ன அந்த நான்காவது ஆள் நாம்தான். நம் பங்கைச் செய்யாமல் அவருக்கு உபதேசம் செய்ய நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். எனக்கு அடுத்துப் பேச வருகிற எதிரணிச் சகோதரருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். யுவராஜ் வேண்டாம், ஆய்வு வேண்டாம், குறளும் வேண்டாம். விரல் மரத்துப்போனதை மறைத்துச் சிரித்தாரே என் பெரியம்மா, அவர் இந்த அரங்கத்தில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்து, ‘நாங்கள் சொன்னது உங்களுக்குப் பலமாக இருந்தது’ என்று இந்த மைக்கில் சொல்லிவிட்டு உங்கள் வாதத்தைத் தொடங்குங்கள். பாரமே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவரைக் கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.