பத்திரத்தில் எழுதாத வரி



பெற்றோர், பிள்ளைகள் என்று தலைப்புக் கொடுத்துவிட்டால் மேடையேறுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே பல்லவியைத்தான் பாடுவார்கள்: அந்தக் காலத்துப் பிள்ளைகள் எங்கே, இந்தக் காலத்துப் பிள்ளைகள் எங்கே! அந்தக் காலம் எப்படி இருந்தது என்று புறநானூற்றைக் கேட்போம். உறையூரில் இருந்து ஆண்ட கோப்பெருஞ்சோழன் தன் இரண்டு பிள்ளைகள் மீது படையெடுத்துக் கிளம்பியவன். அவனைத் தடுத்தவர் புலவர் புல்லாற்றூர் எயிற்றியனார். பெற்ற பாசம் எங்கே போயிற்று என்று அவர் உருகவில்லை. கணக்குப் பேசினார். நீ வென்றால் இந்த நாட்டை யாருக்கு விட்டுப் போவாய்? தோற்றால் உன் பகைவர் அல்லவா சிரிப்பார்கள்? இதுதான் அவர் வாதத்தின் சாரம். போர் நின்றது. ஆனால் மனம் ஒட்டவில்லை. மன்னன் உண்ணாமல் வடக்கிருந்து உயிர் விட்டான். அவன் பக்கத்தில் உட்கார்ந்து உயிர் விட்டவர் பிள்ளைகள் இல்லை; பாண்டி நாட்டிலிருந்து வந்த புலவர் பிசிராந்தையார். நரை வராததற்கு என்ன காரணம் என்று கேட்டபோது, அறிவு நிரம்பிய தன் பிள்ளைகளையும் ஒரு காரணமாகச் சொன்னவர் அவர். பிள்ளைகளால் நிம்மதி பெற்ற ஒருவர், பிள்ளைகளால் நொந்த ஒருவனுக்குத் துணையாகச் செத்தார். இந்தச் சிக்கல் நமக்குப் புதிதில்லை என்று சொல்லவே இவ்வளவு தூரம் போனேன்.

புதிதாக வந்திருப்பது வேறொன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம். 2021-க்கான மத்திய அரசின் மதிப்பீட்டில் அது 13.6 சதவீதம், கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. அதே நேரம், ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள் என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. முதுமை நீள்கிறது, தாங்குகிற தோள்கள் குறைகின்றன. இந்த நிலையில்தான் நம் வீடுகளில் ஒரு காரியம் சத்தமில்லாமல் நடக்கிறது: உயிரோடு இருக்கும்போதே வீட்டையும் நிலத்தையும் பிள்ளைகள் பேருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிவிடுவது. காரணங்கள் நியாயமானவைதான். குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைத் தீர்வையில் சலுகை உண்டு. உயில் என்றால் பின்னால் வழக்கு வரும் என்ற பயம் உண்டு. மகன் வங்கிக் கடன் வாங்க அவன் பேரில் பட்டா வேண்டியிருக்கிறது. ஆனால் உயிலுக்கும் செட்டில்மெண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எத்தனை பேர் யோசிக்கிறார்கள்? உயிலை மூச்சு உள்ளவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மெண்டை வாங்கியவர் ஏற்றுக்கொண்டுவிட்டால், மனசு மாறியது என்பதற்காக எழுதியவர் அதை ரத்து செய்ய முடியாது. கையெழுத்துப் போட்டுச் சார்பதிவாளர் அலுவலகப் படி இறங்கும்போது, வீட்டுக்காரர் தன் வீட்டிலேயே அண்டியிருப்பவர் ஆகிவிடுகிறார்.

இதை உணர்ந்துதான் 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 23-ஆம் பிரிவை வைத்தது. பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் பார்க்க மறுத்தால், அந்தப் பத்திரம் செல்லாது என்று கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் அறிவிக்கலாம். சரி, பத்திரத்தில் நிபந்தனையே எழுதியிராவிட்டால்? இங்கேதான் நீதிமன்றங்களே தடுமாறின. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது: நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும், நெருங்கிய உறவுக்கு அன்பினால் கொடுப்பவர்கள் பல நேரம் எதையும் எதிர்பார்க்காமல்தான் கொடுக்கிறார்கள். 2025 ஜனவரியில் அதே நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு, ஒரு தாயின் வழக்கில், இது முதியோரைக் காக்க வந்த சட்டம், தாராளமாகத்தான் பொருள் கொள்ள வேண்டும் என்றது. அதே ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு படி மேலே போய், அன்பினால் எழுதிக் கொடுத்தேன் என்று பத்திரம் சொன்னாலே, அந்த அன்புக்குள் பராமரிப்பு என்ற நிபந்தனை மறைவாக இருக்கிறது என்று தீர்ப்பளித்தது. ஒருபுறம், அன்பு என்றால் எதிர்பார்ப்பில்லை. மறுபுறம், அன்பே எதிர்பார்ப்பு. சட்டம் படித்த பெரியவர்களே இரண்டாகப் பிரிந்து நிற்கும் இடத்தில், சாப்பாட்டு வேளையில் ஒரு தாயும் மகனும் பேசாமலே ஒத்துப்போவார்கள் என்று நாம் எப்படி நம்புகிறோம்?

இதுதான் நான் சொல்ல வந்தது. நம் வீடுகளில் பெற்றோரையும் பிள்ளைகளையும் பிரிப்பது பாசக் குறைவு என்பதைவிட, சொல்லாமல் வைத்திருக்கும் எதிர்பார்ப்பு என்பதே சரி. பெற்றோர் ஏன் சொல்வதில்லை? கேட்டு வாங்கினால் அது பிச்சை என்ற எண்ணம். வளர்த்த பிள்ளைக்குத் தெரியாதா என்ற வீம்பு. கேட்டு, இல்லை என்ற பதில் வந்துவிட்டால் எந்த முகத்தோடு அந்த வீட்டில் இருப்பது என்ற பயம். இதுதான் மற்ற இரண்டையும் விடப் பெரியது. பிள்ளைகள் பக்கத்தையும் பாருங்கள். உனக்காகவே வாழ்ந்தேன் என்ற வாக்கியத்தைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, தான் பட்ட கடன் எவ்வளவு என்று கடைசிவரை தெரியாது. தொகை தெரியாத கடனை யாரும் அடைத்து முடிக்க முடியாது. அதனால் ஒருவன் மாதாமாதம் பணம் அனுப்பிவிட்டு, பேசுவதை மட்டும் குறைத்துக்கொள்கிறான். இன்னொருத்தி தன்னால் முடியாததையும் இழுத்துப்போட்டுச் செய்துவிட்டு, உள்ளுக்குள் புகைகிறாள். அனுப்புகிறவன் கைவிட்டதாகத் தான் நினைக்கவில்லை. வாங்குகிறவர் தன்னைக் கவனித்ததாக நினைக்கவில்லை. இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். உடன்பிறந்தவர்கள் நடுவே இந்தக் கணக்கு இன்னும் கசப்பானது. சொத்தில் மூவருக்கும் சம பங்கு என்றால் பராமரிப்பிலும் அப்படியா என்று யாரும் கேட்பதில்லை. மருத்துவமனைச் செலவு வரும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்கிறார்கள்.

பெற்ற தாய்க்குச் சோறு போடுவதற்கு நிபந்தனைப் பத்திரமா, இது பாசத்துக்கே அவமானமில்லையா என்று இங்கே சிலர் மனத்துக்குள் கேட்பது புரிகிறது. மதிப்புள்ள கேள்விதான். ஆனால் கல்யாணத்தைப் பதிவு செய்யச் சொல்லிச் சட்டம் வந்தபோது தாலி மீது நம்பிக்கை இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. நிபந்தனை எழுதுவதால் நல்ல மகனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அவன் ஏற்கெனவே செய்து வருவதைத்தான் அந்த வரி சொல்கிறது. அதற்குப் பதறுகிற மகன் இருந்தால், அந்தப் பதற்றத்தைக் கையெழுத்துக்கு முன்பே தெரிந்துகொள்வது பெற்றோருக்கு நல்லது. இதைவிடக் கனமான வாதம் ஒன்று உண்டு: கோட்டாட்சியர் உத்தரவால் வந்த சோறு தொண்டையில் இறங்குமா? இறங்காது. எயிற்றியனாரால் போரைத்தான் நிறுத்த முடிந்தது, தகப்பனையும் பிள்ளைகளையும் சேர்த்து வைக்க முடியவில்லை. சட்டத்தின் கை அவ்வளவுதான் நீளும். பராமரிப்புத் தொகைக்கு அது வைத்திருக்கும் உச்சவரம்பே மாதம் 10,000 ரூபாய்தான். ஆகவேதான், தீர்ப்பாயத்துக்குப் போன பிறகு பேசுவதை உறவு நன்றாக இருக்கும் நாளிலேயே பேசுங்கள் என்கிறேன்.

இன்னொரு கேள்வியை இந்த மாதிரி மேடைகள் பெரும்பாலும் தவிர்த்துவிடும். பிள்ளையை அடித்து நொறுக்கிய தகப்பன், குடும்பத்தை விட்டுவிட்டுப் போன தகப்பன், முதுமையில் வந்து கை நீட்டினால் அந்தப் பிள்ளை என்ன செய்ய வேண்டும்? நம் 2007 சட்டத்தில் இதற்கென்று வெளிப்படையான பிரிவு இல்லை. தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக இருக்கும் சிங்கப்பூரில் 1995-இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் வந்தபோதே, பிள்ளையைக் கைவிட்ட, கொடுமைப்படுத்திய பெற்றோரின் மனுவைத் தள்ளுபடி செய்யத் தீர்ப்பாயத்துக்கு இடம் கொடுத்தார்கள். 2023-இல் அதைத் திருத்தி, அப்படிப்பட்ட பெற்றோர் மனுப் போடுவதற்கே முன் அனுமதி பெற வேண்டும் என்று ஆக்கினார்கள். அது சரி என்பதே என் கருத்து. வள்ளுவர் மக்கட்பேறு அதிகாரத்தில் தந்தை மகனுக்குச் செய்ய வேண்டியதற்கும் ஒரு குறள் வைத்தார், மகன் தந்தைக்குச் செய்ய வேண்டியதற்கும் ஒரு குறள் வைத்தார். இரண்டில் முன்னால் வருவது தந்தையின் கடமைதான். தன் பங்கைச் செய்யாதவர் மறுபங்கை மட்டும் கேட்பது எந்தக் கணக்கில் சேரும்? மன்னிப்பது அந்தப் பிள்ளையின் விருப்பம்; ஊர் கூடி அதை வற்புறுத்தக் கூடாது.

பராமரிப்பு என்று நாம் பேசும் வேலையை நடைமுறையில் யார் செய்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சட்டம் மகன், மகள், பேரன், பேத்தி என்று பட்டியல் போடுகிறது. மருமகள் அதில் இல்லை. 2019-இல் வந்த திருத்த மசோதா மருமகனையும் மருமகளையும் சேர்க்கப் பார்த்தது, அது சட்டமாகவில்லை. வீட்டிலோ படுக்கை மாற்றுவதும் மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் பெரும்பாலும் மருமகள்தான். அவளுக்குச் சொத்திலும் பங்கில்லை, பேச்சிலும் இடமில்லை. 1989-லேயே மகளுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் சம உரிமை கொடுத்த மாநிலம் இது. அந்த மகளும் மருமகளும் உட்காராத குடும்பப் பேச்சு எதையும் தீர்க்காது.

ஆகவே இந்த அவையில் இருக்கும் பெரியவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். செட்டில்மெண்ட் எழுதியே ஆக வேண்டும் என்றால், எல்லாப் பிள்ளைகளையும் மருமக்களையும் உட்காரவைத்து, எங்கே இருக்க விரும்புகிறீர்கள், யார் எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும், மருத்துவச் செலவு யாருடையது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆயுள் உள்ளவரை குடியிருக்கும் உரிமை தனக்கு உண்டு, பராமரிக்கத் தவறினால் பத்திரம் ரத்தாகும் என்ற இரண்டு வரிகளையும் சேர்க்கும்படி பத்திர எழுத்தரிடம் கேளுங்கள். பிள்ளைகளே, அவர்கள் கேட்கக் கூச்சப்படுவார்கள். நீங்களே முன்வந்து அந்த வரிகளை எழுதச் சொல்லுங்கள். பதிவுத் துறைக்கும் இந்த மேடையிலிருந்து ஒரு கோரிக்கை வைக்கிறேன்: மாதிரி செட்டில்மெண்ட் பத்திரத்தில் அந்த இரண்டு வரிகளையும் அச்சிட்டே கொடுங்கள், வேண்டாம் என்பவர் அடித்துவிட்டுப் போகட்டும். 60 வயதைக் கடந்தவர் எழுதிக் கொடுக்க வந்தால், பிள்ளைகளை ஐந்து நிமிடம் வெளியே நிறுத்திவிட்டு, மனசார எழுதுகிறீர்களா, எங்கே இருக்கப் போகிறீர்கள் என்று சார்பதிவாளர் அவரைத் தனியாகக் கேட்கட்டும். இதைத் தீர்மானமாக நிறைவேற்றி அரசுக்கு அனுப்பும்படி மூத்த குடிமக்கள் சங்கத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன்.