திரும்பி வந்தவரின் மனம்

பால்மரம் சீவிப் பழகிய ஒருவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு இனிப் பெரட்டும் இல்லை, மணியும் இல்லை. ஆனாலும் விடியற்காலை நான்கு மணிக்கெல்லாம் கண் விழித்துக்கொள்கிறார். காரணம் என்ன? பல ஆண்டுகள் பழகிய உடம்பு, வேலை முடிந்துவிட்டது என்பதை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. இதற்காக அவரை நாம் பைத்தியம் என்று சொல்வதில்லை. பழக்கம் என்றுதான் சொல்கிறோம்.

அதேபோல, போரிலே அஞ்சி அஞ்சிப் பழகிய உடம்பு, போர் முடிந்த பிறகும் அஞ்சிக்கொண்டே இருப்பதுண்டு. தீபாவளிக்குச் சிறுவர்கள் வெடி கொளுத்துகிறார்கள். வீட்டுப் பெரியவர் நடுங்கிப்போய்க் கட்டிலுக்கடியில் ஒதுங்குகிறார். நள்ளிரவில் அலறி எழுகிறார். காரணமில்லாமல் சினம் கொள்கிறார். கூட்டம் கூடும் இடத்துக்கு வர மறுக்கிறார். இத்தகையோரைப் பற்றியும், அவர்கள் மீண்டுவர உளவியலாளர்களாகிய நாங்கள் செய்யும் பணியைப் பற்றியும் இன்று உங்களோடு பேசுகிறோம்.

இது நமக்குப் புதிய செய்தி அன்று. நெகிரி செம்பிலான் தோட்டங்கள் இதை முன்பே கண்டிருக்கின்றன. 1942, 1943ஆம் ஆண்டுகளில், சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ரயில் பாதை போட்டார்கள். அதற்காக மலாயாவிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். மூன்று மாத வேலை, நல்ல கூலி என்று ஆசை காட்டப்பட்டுப் போனவர்கள் சிலர். வலுக்கட்டாயமாக லாரியில் ஏற்றப்பட்டவர்கள் பலர். காலராவும் மலேரியாவும் பசியும் அடியும் பல்லாயிரம் பேரைக் கொன்றன. அவர்கள் துப்பாக்கி ஏந்தியவர்கள் அல்லர். ஆனாலும் போர் அவர்களை விட்டுவைக்கவில்லை.

அதே காலத்தில், 1943இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்த பின், தோட்டத்து இளைஞர்கள் பலர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார்கள். நம் பெண்களும் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார்கள்.

1945இல் போர் முடிந்தது. உயிரோடு மிஞ்சியவர்கள் லயத்துக்குத் திரும்பினார்கள். மறுநாளே வாளியைத் தூக்கிக்கொண்டு மரம் சீவப் போனவர்களும் இருந்தார்கள். அவர்களை யார் கேட்டார்கள்? “என்ன கண்டாய்? எப்படி உறங்குகிறாய்?” என்று கேட்க மருத்துவரும் இல்லை, உளவியலாளரும் இல்லை. சிலர் பேசினார்கள், சிலர் கடைசிவரை வாய் திறக்கவில்லை. சிலர் குடியிலே மறக்கப் பார்த்தார்கள். பேய் பிடித்துவிட்டது என்று மந்திரித்தவர்கள் உண்டு. குடிகாரன் என்று ஒதுக்கியவர்களும் உண்டு. அந்தத் தலைமுறை ஏறக்குறைய மறைந்துவிட்டது. அவர்களுக்கு நாம் செய்யத் தவறியதை, பின்னால் வந்தவர்களுக்காவது செய்ய வேண்டாமா?

பின்னால் வந்தவர்கள் யார்? 1948 முதல் 1960 வரை நடந்த அவசரகாலத்திலும், அதன் பிறகு 1989 டிசம்பரில் ஹாட்யாய் ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரையிலும் காட்டிலே காவல் புரிந்த இராணுவத்தினரும் போலீஸ்காரர்களும் இருக்கிறார்கள். ஐக்கிய நாடுகள் படையோடு சோமாலியாவுக்கும் போஸ்னியாவுக்கும் போய்வந்தவர்கள் இருக்கிறார்கள். போர்ட்டிக்சனும் கெமாசும் இராணுவ முகாம்கள் உள்ள ஊர்கள். 1933இல் மலாய் ரெஜிமெண்டுக்கு முதல் வீரர்களைச் சேர்த்துப் பயிற்சி தந்த இடமே போர்ட்டிக்சன்தான். ஆகவே பணி ஓய்வு பெற்ற வீரர் ஒருவர் உங்கள் தாமானிலேயே, உங்கள் குடும்பத்திலேயே இருக்கக்கூடும்.

இனி, இந்த நோயைப் பற்றி உலகம் எப்படிக் கற்றுக்கொண்டது என்று பார்ப்போம். ரிவர்ஸ் என்று ஓர் ஆங்கில மருத்துவர் இருந்தார். அவர் 1901, 1902ஆம் ஆண்டுகளில் நீலகிரி மலையில் தோடர்களிடையே இருந்து அவர்கள் வாழ்க்கையை ஆராய்ந்தவர். 1906இல் அதை நூலாகவும் எழுதினார். முதல் உலகப் போரின்போது, ஸ்காட்லாந்தில் கிரெய்க்லாக்கார்ட் என்னும் மருத்துவமனையில், மனம் உடைந்த இராணுவ அதிகாரிகளுக்கு அவர் சிகிச்சை அளித்தார். “நடந்ததை நினைக்காதே, மறந்துவிடு” என்பதே அன்று பலரும் சொன்ன புத்திமதி. ரிவர்ஸ் அதை ஏற்கவில்லை. பகலிலே அமுக்கி வைத்த நினைவு இரவிலே கனவாக எழுகிறது என்று கண்டார். நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் அதைப் பேசிப் பழகினால் அதன் கொடுமை தணியும் என்றார்.

ஆயினும் இந்தத் துன்பத்துக்கு ஒரு தனிப்பெயர் கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்கள் பட்ட பாட்டைக் கண்ட பிறகு, 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் அதைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. அதிர்ச்சிக்குப் பின்வரும் மன அழுத்த நோய் என்று இதைத் தமிழில் சொல்லலாம். இது கோழைத்தனம் அன்று. சாபமும் அன்று. ஆபத்தில் உயிர் காக்கக் கற்றுக்கொண்ட உடம்பு, ஆபத்து நீங்கியதை இன்னும் அறியாமல் இருப்பதே இந்த நோய்.

இதற்கு நாங்கள் என்ன செய்கிறோம்? மருந்து கொடுப்பவர் மனநல மருத்துவர். பேச்சாலும் பயிற்சியாலும் உதவுபவர் உளவியலாளர். முன்பெல்லாம் நோயின் குறிகளை அடக்குவதே சிகிச்சையின் நோக்கமாக இருந்தது. இப்போது நோக்கம் விரிந்திருக்கிறது. நோயின் தழும்பு இருந்தாலும், அந்த மனிதர் தாம் விரும்பும் வாழ்க்கையை வாழ வேண்டும். இதையே மீட்சி என்கிறோம். அமெரிக்காவில் 2003இல் வெளியான ஓர் அரசாங்கக் குழுவின் அறிக்கை இதை வலியுறுத்தியது. அதன்பின் அந்நாட்டு முன்னாள் வீரர்களின் மருத்துவமனைகளும் இந்த வழியை மேற்கொண்டன. தாமே நோயிலிருந்து மீண்ட வீரர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி, மற்ற வீரர்களுக்குத் துணையாக வைத்தன. பட்டவர் சொல்லும் ஆறுதலுக்குத் தனி வலிமை உண்டல்லவா?

ஆகவே எங்களிடம் வரும் ஒருவரை, “உமக்கு என்ன கோளாறு?” என்று மட்டும் கேட்டு நாங்கள் நிறுத்துவதில்லை. “ஐயா, உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று கேட்கிறோம். “பேத்தியைக் கூட்டிக்கொண்டு கோயில் திருவிழாவுக்குப் போக வேண்டும், மேளமும் வெடியும் கேட்டால் முடியவில்லை” என்று ஒருவர் சொன்னால், அதுவே எங்கள் சிகிச்சையின் இலக்கு. முதல் வாரம், கூட்டமில்லாத காலை வேளையில் மகனோடு கோயில் வாசல்வரை போய் வருவார். நெஞ்சு படபடத்தாலும் உடனே ஓடிவிடாமல், மூச்சை மெல்ல விட்டு, பயம் தணியும்வரை நிற்பார். அடுத்த வாரம் உள்ளே போவார். பிறகு மேளம் ஒலிக்கும் நேரத்தில் தொலைவில் நிற்பார். இப்படிப் படிப்படியாக, ஆபத்து இல்லை என்பதை உடம்பு கற்றுக்கொள்கிறது. இடையில் ஒருநாள் முடியாமல் திரும்பி வந்தால் அது தோல்வி அன்று. மறுநாள் ஒரு படி கீழே இருந்து தொடங்கலாம்.

மரம் சீவியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கத்தி ஆழமாக இறங்கிவிட்டால் மரத்தில் காயம் படும். அந்த இடத்தில் பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். பழையபடி வழவழப்பாக வராது. ஆனால் அந்த மரத்தை யாராவது வெட்டிப்போடுகிறார்களா? புதுப்பட்டை வளரக் காலம் கொடுத்தால் அது மறுபடியும் பால் தருகிறதே.

தாய்மார்களே, வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. உறக்கத்தில் அலறுபவரைத் தொட்டு உலுக்காதீர்கள். சற்றுத் தள்ளி நின்று, அவரை அழைத்து, “நான்தான், நம் வீட்டில்தான் இருக்கிறோம்” என்று சொல்லுங்கள். பேச வந்தால் காது கொடுங்கள். பேசச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். “ஆம்பிள்ளை அழலாமா?” என்று கேட்காதீர்கள். வெடி கொளுத்தப் போகிறோம் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். குடி உறக்கத்தைக் கொடுப்பது போலக் காட்டிக் கெடுக்கும் என்பதை, சண்டையில்லாத வேளையில் எடுத்துச் சொல்லுங்கள். அவர் உங்களை அடித்தால், நோயைக் காரணம் காட்டிப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பிள்ளைகளோடு பாதுகாப்பான இடத்துக்குச் சென்று உதவி கேளுங்கள். குடும்பத்தின் நலனும் மீட்சியில் அடங்கியதுதான்.

எங்கே போவது? முதலில் பக்கத்து அரசாங்கக் கிளினிக்குக்குப் போய், உறக்கமின்மையையும் பயத்தையும் வெட்கமின்றிச் சொல்லுங்கள். தேவையானால் சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கு அங்கிருந்து அனுப்புவார்கள். மருத்துவமனைகளோடு சேர்ந்த மெந்தாரி நிலையங்கள், மீண்டு வருபவர்களுக்கு வேலை தேடிக்கொள்ளவும் துணை நிற்கின்றன. சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி எண் 15555. ஒருவர் “இருந்து என்ன பயன்” என்று பேசத் தொடங்கினால் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தனியே விடாமல், உடனே உதவி தேடுங்கள். போலீஸ் வழக்கு வரும் என்று மறைக்க வேண்டியதில்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது.

நேயர்களே, சயாமிலிருந்து திரும்பிய நம் தாத்தாக்களை அன்று யாரும் கேட்கவில்லை. இன்று நம் வீட்டில் ஒருவர் இரவிலே விழித்துக்கொண்டு திண்ணையில் தனியே உட்கார்ந்திருந்தால், ஒரு தேநீரோடு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று கேளுங்கள். அவருடைய மீட்சி அந்தக் கேள்வியில் தொடங்கலாம்.