பேண்டு செட் வீட்டுப் பிள்ளை

(குறுவளமையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று பேண்டு செட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்க வேண்டாம். அதற்கு முன் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன். ஆவணி மாதம் வந்தால் திங்கட்கிழமைகளில் தூங்கி விழுவான், இல்லையென்றால் பள்ளிக்கே வரமாட்டான். ஒருநாள் உதடு தடித்திருந்தது. புகையிலை வைக்கிறான் என்று நானே முடிவுகட்டி, எல்லார் முன்னாலும் பையைக் கொட்டச் சொன்னேன். கைக்குட்டையில் சுற்றிய பித்தளைத் துண்டு ஒன்று விழுந்தது. டிரம்பெட்டின் மவுத்பீஸ். "எங்க தாத்தாவோடது சார்" என்றான். முந்தின நாள் மூன்று கல்யாண ஊர்வலங்களில் ஊதியிருக்கிறான்.

பள்ளி நாளுக்கு முந்தின இரவில் பையனை அனுப்பாதீர்கள் என்று சொல்லத்தான் அவன் வீட்டுக்குப் போனேன். சுவரில் ஜரிகை வைத்த சிவப்புக் கோட்டு தொங்கியது. பெரியவர் அதைக் காட்டிச் சொன்னார்: "எங்கப்பா சாவு வீட்ல பறையடிக்கும்போது சட்டை போட விடமாட்டாங்க சார். நான் பேண்டுல சேர்ந்தேன். அதே தெருவுல, கோட்டு போட்டுத்தான் வரணும்னு அவங்களே சொன்னாங்க. கூலியும் முன்னாடியே பேசிக்கிட்டோம்." அறிவுரை சொல்லப் போன எனக்கு அப்புறம் பேச்சு வரவில்லை.

அந்தக் கோட்டு வெள்ளைக்காரப் பட்டாளத்து பேண்டிலிருந்து வந்தது. தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி அரண்மனையிலேயே மேல்நாட்டு பேண்டு ஒன்றை வைத்திருந்தார். சென்னைக் கோட்டையில் ஒலித்த பேண்டு இசையைக் கேட்டவர் முத்துசுவாமி தீட்சிதர். அந்த மெட்டுகளில் நாற்பதுக்குச் சற்றொப்ப சமஸ்கிருதப் பாடல்கள் இயற்றினார். அவற்றை நோட்டுஸ்வரம் என்கிறோம். இங்கிலாந்து அரச வாழ்த்தின் மெட்டும் அவற்றில் உண்டு. எல்லாமே சங்கராபரணம். அவருடைய தம்பி பாலுசுவாமி வெள்ளைக்காரரிடம் வயலின் கற்றார். அந்தக் கருவி இல்லாத கச்சேரியை இன்று நினைக்க முடியுமா? கிளாரினெட்டும் அப்படி வந்ததுதான். அதைக் கர்நாடக இசைக்கு வாசித்த திருச்சி ஏ.கே.சி. நடராஜனுக்கு 2022இல் பத்மஸ்ரீ கிடைத்தது. நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய மதுரை மணி ஐயர், முத்தையா பாகவதரின் 'இங்கிலீஷ் நோட்'டைப் பாடினால் சபையே காத்திருந்து கேட்கும்.

மேடைக்குப் போன கருவிக்குப் பட்டம் கொடுத்தோம். தெருவில் நின்ற கருவியை 'டமடம' என்றோம். நானும் அப்படிச் சொன்னவன்தான். இப்போது அந்தத் தெருவிலும் செண்டை மேளமும் டிஜேயும் வந்துவிட்டன. பெரியவரின் செட்டில் பதினாறு பேர் இருந்த இடத்தில் ஆறு பேர். யுபோனியம் ஊத ஆளே இல்லை.

ஒலியியல் பாடம் வந்தபோது அவரைப் பள்ளிக்கு அழைத்தேன். டிரம்பெட்டில் பிஸ்டன் மூன்றுதான். அதை அழுத்தினால் காற்று கூடுதல் குழாய் வழியே சுற்றி வருகிறது. குழாய் நீள, சுருதி இறங்குகிறது. நடுப் பிஸ்டன் அரைச்சுரம், முதலாவது ஒரு சுரம், மூன்றாவது ஒன்றரை. எதையும் அழுத்தாமல் உதட்டை இறுக்கியே மேல் சுரங்களுக்குப் போகலாம். நான் கரும்பலகையில் படம் போட்டு விளக்கிக்கொண்டிருக்க, அந்த மாணவன் எழுந்து, "சார், ரெண்டாவதையும் மூணாவதையும் சேர்த்து அமுக்குனா ரெண்டு சுரம் இறங்கும், நீங்க அதை எழுதலயே" என்றான். கூட்டிப் பார்த்தேன். சரிதான். அந்த வருடம் அவன் அறிவியலில் கை தூக்கியது அதுதான் முதல் தடவை.

கலைத் திருவிழாவுக்கு அவன் பெயரைக் கருவியிசையில் கொடுத்தேன். வட்டார அளவில் இரண்டாமிடம். ஆவணித் திங்கட்கிழமைச் சிக்கல் முழுதாகத் தீரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு மேல் பையனை அனுப்புவதில்லை என்று பெரியவர் ஒப்புக்கொண்டார். முகூர்த்தம் அதிகமான வாரங்களில் அந்தப் பேச்சு நிற்பதில்லை.

அன்று வகுப்பில் பெரியவருக்கு நாற்காலி போட்டேன். உட்காரவில்லை. "நின்னு ஊதுனாத்தான் சார் மூச்சு நிக்கும்" என்று சொல்லி, எம்.ஜி.ஆர். படப் பாட்டு ஒன்றை முழுதாக ஊதினார். அடுத்த வகுப்பில் இருந்த தமிழாசிரியர் பாடத்தை நிறுத்திவிட்டு, மாணவர்களோடு எங்கள் சன்னலுக்கு வந்து நின்றார்.