புது மோட்டார் வண்டியின் மணம்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



2020ஆம் ஆண்டு நம் நாட்டில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025ஆம் ஆண்டு மீண்டும் தொடங்கிற்று. புதுக் கார்கள் கோயில் முன்றலில் பூசைக்கு நிற்பதை மறுபடியும் காண்கின்றோம். சந்தனப் பொட்டிட்டு, மாலை சூட்டி, சில்லின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து, விக்கினம் யாதும் நேராவண்ணம் விநாயகப் பெருமானை வேண்டுகின்றோம். நன்று. ஆயின், வீதியில் வரக்கூடிய விக்கினத்தை நினைக்கும் நாம், வண்டியினுள்ளே இருப்பதை நினைப்பதில்லை. அதுவே யான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள்.

கதவைத் திறந்ததும் வீசும் வாசனையைப் "புதுக் கார் மணம்" என்று பெருமையோடு சொல்கின்றோம். அது யாது? ஆசனத்தின் மெத்தை, பிளாஸ்ரிக் பலகை, தரைவிரிப்பு, பசை, வர்ணம் ஆகியவற்றிலிருந்து மெல்ல மெல்ல வெளியேறும் இரசாயன ஆவிகளே அது. பென்சீன், தொலுயீன், சைலீன், இசுத்தைரீன், போமல்டிகைட்டு என்பன அவற்றுட் சில. இவற்றுள் பென்சீனும் போமல்டிகைட்டும் மனிதருக்குப் புற்றுநோய் விளைக்க வல்லன எனச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வகுத்துள்ளது. ஒருமுறை முகர்ந்தால் நோய் வரும் என்பது இதன் கருத்தன்று. எவ்வளவு, எத்தனை காலம் என்பவற்றைப் பொறுத்ததே தீங்கு.

அளவைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கன மீற்றர் காற்றில் போமல்டிகைட்டு 0.1 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். சாதாரணக் காரொன்றினுள் ஏறத்தாழ 3 கன மீற்றர் காற்றே உண்டு. ஆகவே 0.3 மில்லிகிராம் சேர்ந்தாலே எல்லை வந்துவிடும். அது ஓர் அரிசிமணியின் நிறையில் அறுபதில் ஒரு பங்குதானும் இராது!

இது வீண் அச்சமன்று. யப்பானிய மோட்டார் உற்பத்தியாளர் சங்கம் 2005ஆம் ஆண்டிலேயே தானாக முன்வந்து இதற்கு வழிகாட்டல் வகுத்தது. சீன தேசம் 2012ஆம் ஆண்டு முதல் எட்டுப் பொருள்களுக்கு எல்லை குறித்தது. தென் கொரியாவும் விதிகள் செய்துள்ளது. 2017இல் ஐக்கிய நாடுகள் சபையின் கீழ் பொதுவான சோதனை முறையொன்றும் ஏற்கப்பட்டது.

ஆயினும் ஒன்றை நாம் சிந்தித்தல் வேண்டும். சீனத்துச் சோதனை 25 பாகை வெப்பமுள்ள அறையில் நடைபெறுவது. நமது வண்டியோ நண்பகல் வெயிலில் கதவடைத்து நிற்பது. அப்போது உள்ளே 50 பாகைக்கு மேலும் வெப்பம் ஏறும். வெப்பம் ஏற ஏற ஆவியும் மிகும். சோதனையில் தேறிய வண்டி என்பதனால் மட்டும் நாம் கவலையற்று இருத்தல் இயலாது.

அக்காற்றை அதிகம் சுவாசிப்பவர் யார்? அரைமணி நேரம் சென்றுவரும் சொந்தக்காரர் அல்லர். நாள் முழுவதும் உள்ளேயிருந்து, வாடகைக்கு ஆள் வருமளவும் கண்ணாடியை ஏற்றிவிட்டு அங்கேயே கண்ணயரும் சாரதியே. அவருக்கு அடுத்தபடி, மூச்சு வேகமாக விடும் குழந்தைகள்.

செய்யவேண்டியவை எளியன, காசு செலவில்லாதன. வண்டியை நிழலில் நிறுத்துக. ஏறுமுன் கதவுகளெல்லாவற்றையும் சில நிமிடம் திறந்து வைக்க. குளிரூட்டியை உள்ளேயுள்ள காற்றையே சுழற்றவிடாது, முதலில் வெளிக்காற்றை எடுக்கும்படி திருப்புக. வாசனைத் திரவியம் நச்சாவியை நீக்காது, மறைக்கவே செய்யும். சாம்பிராணிப் புகையும் அவ்வாறே. கற்பூர தீபம் வண்டியின் முன்னே ஒளிரட்டும், உள்ளே வேண்டாம்.

பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆசனத்தைப் போர்த்த பொலித்தீன் உறையை மாதக்கணக்காகக் கழற்றாது வைத்தல் சிக்கனம் எனக் கருதுகின்றோம். உறையின் கீழ் அடைபட்ட ஆவி வெளியேற வழியின்றித் தங்குகின்றது. ஆசனம் பழுதடைந்தால் மாற்றலாம். பேரப்பிள்ளையின் சுவாசப்பையை மாற்றுதல் எளிதோ?

காளத்தியிலே இறைவனை வாயுலிங்கமாக வணங்கும் மரபினர் நாம். காற்றைத் தூயதாக வைத்திருத்தலும் அவ்வழிபாட்டின் ஒரு கூறேயாம். இளைஞர்களே, அடுத்த முறை உங்கள் வீட்டிலோ அயலிலோ புது வண்டி வரும்போது, பூசை முடிந்ததும் முதல் வேலையாகக் கதவுகளைத் திறந்துவிடுங்கள். சாரதியிடமும் இதனைச் சொல்லுங்கள்.