தொட்டி மணலும் நீர்ச்செடியும்

பெங்களூரில் பிரேசர் டவுன் என்று நாம் வழங்கும் பகுதி ஒரு கொள்ளைநோயின் விளைவாகத் தோன்றியது. 1898-ஆம் ஆண்டில் பிளேக் நோய் கண்டோன்மெண்டை வாட்டியபின், நெருக்கடியான குடியிருப்புகளை விட்டு மக்கள் வெளியேறிக் காற்றும் வெளிச்சமும் உள்ள தெருக்களில் வாழவேண்டும் என்று எண்ணி இதனை வகுத்தனர், 1910-இல் திறந்தனர். அரசாங்க வழக்கில் புலிகேசி நகர் என்று பெயர் மாறியும் பழைய பெயர் நம் நாவை விட்டு அகலவில்லை. தூய்மையின் பொருட்டுப் பிறந்த இவ்விடத்திலே வாழும் நேயர்களிடம், தூய்மையே கேடாகும் ஓர் இடத்தைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். கூடத்து மூலையில் இருக்கும் மீன்தொட்டிதான் அது.

தொட்டி வைத்திருப்போர் பலர் செய்வது யாது? ஞாயிறுதோறும் நீர் முழுவதையும் கொட்டிவிடுகிறார்கள். மணலை வெந்நீரில் அலசி, செடிகளைப் பிடுங்கிக் கழுவி, குழாய்நீரை நிரப்புகிறார்கள். தொட்டி பளபளக்கிறது. இரண்டொரு நாளில் மீன் மிதக்கிறது. "இவ்வளவு சுத்தமாக வைத்தும் செத்துவிட்டதே!" என்று குழந்தைகள் அழுகின்றன. அந்தச் சுத்தமே மீனைக் கொன்றது.

மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய இரையிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. மணற்பரல்களின்மேல் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இவ்வுயிர்கள் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். வாரந்தோறும் வெந்நீரும் குளோரின் கலந்த குழாய்நீரும் படுமாயின், அவை நிலைபெறுவது எங்ஙனம்? நீர்ச்செடிகளோ அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் உணவாகவே கொள்கின்றன. பகலில் பிராணவாயுவையும் தருகின்றன.

இந்த உறவைச் சோதனையால் விளக்கியவர்களுள் ஒருவர் லண்டனைச் சேர்ந்த ராபர்ட் வாரிங்டன் என்னும் இரசாயன அறிஞர். 1850-இல் அவர் தம் சோதனையை வெளியிட்டார். இரு தங்கமீன்களும் வாலிஸ்னேரியாச் செடியும் உள்ள பாத்திரத்தில், செடியின் பழுத்த இலைகள் அழுகி நீர் கலங்கிற்று. அவர் நீரைக் கொட்டவில்லை. குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகலைத் தின்றன, நீர் தெளிந்தது. வேலைக்காரி செய்யவேண்டியதை நத்தை செய்தது எனலாம்.

இனி மணலைக் கவனிப்போம். இக்காலத்தில் கட்டட வேலைக்கு வரும் எம்-சாண்ட் இதற்கு ஆகாது. தூள் மிகுதி, முனையும் கூர்மை. இரண்டு மூன்று மில்லிமீட்டர் பருமனுள்ள உருண்டைப் பரல்களே நல்லன. கடைகளில் நீலமும் சிவப்புமாகச் சாயம் ஏற்றி விற்பவை என் கண்ணுக்கு உகந்தவையல்ல. சாயம் கழலுமாயின் மீனுக்கும் உகந்தவையல்ல. பரல்மீது சிறிது காடி விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் அது சுண்ணாம்புக்கல், நீரைக் கடினமாக்கிவிடும். தொடக்கத்தில் ஒருமுறை மட்டும், அலசிய நீர் தெளியும்வரை கழுவி, பின்புறம் மூன்று அங்குலமும் முன்புறம் அதில் பாதியும் இருக்குமாறு பரப்புங்கள். மிக நுண்ணிய மணலை ஆழமாக இட்டால் அடியில் பிராணவாயு புகாது. அது கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வீசும்.

பின்னர் வாரம் ஒருமுறை நீரில் நான்கிலொரு பங்கை ரப்பர்க் குழாயால் இறக்குங்கள். குழாயின் வாயைச் செடியில்லாத மணலில் அழுத்தினால் வண்டல் மட்டும் ஏறிவரும். ஒரு வாரம் ஒரு பகுதி போதும். செடியின் வேரடியில் உள்ள வண்டலைத் தொடவேண்டாம், அது எரு. வடிகட்டியின் பஞ்சை, இறக்கிய தொட்டிநீரிலேயே பிழியுங்கள். குளோரினிட்ட குழாய்நீரைத் திறந்த வாளியில் ஓரிரவு வைத்துப் பிறகு ஊற்றுங்கள்.

ஆழ்துளைக் கிணற்றின் கடினநீரையும் வாலிஸ்னேரியா பொறுத்துக்கொள்ளும். கிரிப்டோகொரைன் வகைகளுள் சிலவோ நம் தென்னாட்டு ஓடைகளுக்கும் இலங்கைக்கும் உரியவை. குறைந்த ஒளியிலும் வளரும். ஆனால் இடம் மாற்றி நட்டால் இலையெல்லாம் கூழாய்க் கரைந்துபோகும். செத்தது என்று பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். வேர் உறுதியாக இருப்பின் சில வாரங்களில் புதிய நீருக்கேற்ற இலை துளிர்க்கும். ஊர் பெயர்ந்து வந்த நமக்கு இது விளங்காததன்று. பெங்களூரின் மார்கழிக் குளிர் செடிகளை வருத்தாது. வெப்பநாட்டு மீன்களுக்கு மட்டும் வெப்பமூட்டி தேவைப்படலாம்.

செடியிருக்கிறதே என்று மீனை நிறைத்துவிடலாகாது. இரவில் செடியும் பிராணவாயுவை உட்கொள்ளும். அருகிலுள்ள அல்சூர் ஏரியில் 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கான மீன்கள் ஒருங்கே மிதந்தன. கழிவு மிகுந்து பிராணவாயு குன்றியது ஏரிக்கே பொறுக்கவில்லை. இரண்டடித் தொட்டி எம்மாத்திரம்!

தொட்டியில் மிகுந்த செடியையும் மீனையும் அந்த ஏரியில் விடாதீர்கள். தொட்டிகளிலிருந்து தப்பிய சக்கர் மீன் தென்னாட்டு நீர்நிலைகள் பலவற்றில் பெருகி, நாட்டு மீன்களை நெருக்குகின்றது. மிகுந்த செடியை வெயிலில் உலர்த்திப் பூந்தொட்டியில் இடலாம். குழாயில் இறக்கிய வண்டல்நீரை மாடியிலுள்ள கறிவேப்பிலைக்கு ஊற்றுங்கள்; செழித்து வளரும்.