தொலைக்காட்சிப் பெட்டகம் உடுப்பு அலுமாரியாதல்



நமது நாட்டிலே தொலைக்காட்சி 1979 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே தோன்றியது. ரூபவாஹினி 1982 ஆம் ஆண்டு பெப்ரவரி 15 ஆம் நாள் தனது ஒளிபரப்பைத் தொடங்கிற்று. அதன் பின் வந்த ஆண்டுகளில், வசதி படைத்தோர் இல்லங்களில் மட்டுமன்றி நடுத்தரக் குடும்பத்தார் இல்லங்களிலும் புதியதொரு தளபாடம் இடம்பிடித்துக்கொண்டது. தொலைக்காட்சிக் கருவியை வைப்பதற்கென்றே தச்சரைக் கொண்டு செய்வித்த மரப் பெட்டகமே அது.

அந்தப் பெட்டகத்தை நினைவில் வைத்திருப்போர் பலர். மேற்றட்டிலே கருவி அமர்ந்திருக்கும். கீழ்த்தட்டிலே, வசதியுள்ள வீடாயின், ‘டெக்’ எனப்பட்ட வீடியோக் கருவியும் ஒளிநாடாக்களும் இருக்கும். முன்புறத்தே மடித்துத் திறக்கும் கதவுகள். கதவிலே ஒரு பூட்டு. கள்வருக்கு அஞ்சியே பூட்டைப் பொருத்தினார்கள் என்று எண்ண வேண்டா. பரீட்சை நெருங்கும் மாதங்களிலே அதன் திறப்பு அன்னையின் சேலைத் தலைப்பிலே முடியப்பட்டிருந்தது என்பதை ஆசிரியர்களாகிய நாம் நன்கறிவோம்.

இன்று தொலைக்காட்சி சுவரிலே தொங்குகின்றது. அதன் தடிப்போ மூன்று நான்கு அங்குலம். பெட்டகம் வெறுமையாய் நிற்கின்றது. சில வீடுகளில் அது பின் விறாந்தைக்குச் சென்று பழைய போத்தல்களையும் உரப்பையையும் சுமக்கின்றது. வேறு சில வீடுகளில் பழம்பொருள் வாங்க வருபவர் கேட்ட விலைக்கு அதைக் கொடுத்துவிடுகின்றார்கள். கொடுத்த கையோடு கடைக்குச் சென்று, மரத்தூளை அழுத்திச் செய்த பலகையாலான உடுப்பு அலுமாரி ஒன்றைத் தவணை முறையிலே வாங்கி வருகின்றார்கள். இவ்விரு செயல்களையும் ஒரே மாதத்திலே செய்பவரைக் கண்டால் எனக்கு வியப்பாகவே இருக்கின்றது. ஏனெனில், விற்ற பெட்டகம் முக்காற் பங்கு உடுப்பு அலுமாரியாகவே இருந்தது.

அது எவ்வாறென்று சொல்லுகிறேன். பழைய தொலைக்காட்சிக் கருவியின் உள்ளே பெரிய கண்ணாடிக் குழாயொன்று உண்டு. அக்குழாயின் பின்முனையிலிருந்து புறப்படும் இலத்திரன் கற்றை, முன்புறத் திரையின் நான்கு மூலைகளையும் எட்டி வரவேண்டும். கிட்ட நின்று வீசினால் மூலைகளை எட்டுவது கடினம். ஆகவே திரை பெரிதாகப் பெரிதாகக் குழாயும் நீண்டது. கருவியும் பின்னோக்கி வளர்ந்தது. அந்த முதுகுக்கு இடங்கொடுப்பதற்காகவே தச்சர் பெட்டகத்தை 20 அல்லது 22 அங்குல ஆழமாகச் செய்தார். சுவரோடு ஒட்டிய இன்றைய கருவிக்கு அந்த ஆழம் வீண். ஆனால் சட்டை தொங்கவிடும் கொழுவியை அளந்து பாருங்கள். அதன் அகலம் 17 அல்லது 18 அங்குலம். சட்டைக் கையும் கதவும் உரசாதிருக்க இன்னும் மூன்று நான்கு அங்குலம் வேண்டும். கூட்டிப் பார்த்தால் அதே 21, 22 அங்குலம்! புத்தக அலுமாரியை உடுப்பு அலுமாரியாக்க முடியாமைக்கும், தொலைக்காட்சிப் பெட்டகத்தை ஆக்க முடிவதற்கும் இந்த ஆழமே காரணம்.

இதனை நான் வற்புறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அரசாங்கம் 1993 ஆம் ஆண்டு தொடக்கம் மாணவருக்குச் சீருடைத் துணியை இலவசமாக வழங்கி வந்துள்ளது. துணி கிடைத்தது, தைத்தும் ஆயிற்று. ஆனால் தோய்த்து உலர்த்திய அந்த வெள்ளைச் சட்டை இரவிலே எங்கே இருக்கின்றது? பல வீடுகளில் அறை மூலையிலே குறுக்காகக் கட்டிய கொடியில், தந்தையின் சாரத்துக்கும் தமையனின் காற்சட்டைக்கும் நடுவே இருக்கின்றது. பல்லியும் கரப்பானும் அதன்மீது உலவுகின்றன. காலையிலே அவசரமாக உருவும்போது கசங்கிவிடுகின்றது. கறைபட்ட சட்டையோடு வகுப்புக்கு வருகின்ற பிள்ளை பின்வரிசையைத் தேடுகின்றது. கையுயர்த்தி விடைசொல்லத் தயங்குகின்றது. ‘ஏன் இப்படி வந்தாய்?’ என்று அதட்டுவது எளிது. அப்பிள்ளையின் உடுப்புக்கென்று வீட்டிலே ஓரிடம் உண்டா என்று கேட்பவர் சிலரே. விறாந்தையிலே உரப்பையைச் சுமக்கும் அப்பெட்டகம் அந்த இடமாகலாம்.

நிற்க. வேலைக்கு வருவோம்.

பழைய கருவி இன்னும் பெட்டகத்துள் இருக்குமாயின் அதை முதலில் வெளியேற்றவேண்டும். 21 அங்குலக் கருவி 20 கிலோவுக்கு மேல் நிறையுடையது. அந்நிறையிற் பெரும்பகுதி முன்புறத்துக் கண்ணாடியிலே இருப்பதால், தூக்கும்போது முன்னோக்கிச் சரியும். இருவராகத் தூக்குங்கள், கண்ணாடி முகம் நெஞ்சுப் பக்கம் இருக்கட்டும். செம்புக் கம்பிக்கு ஆசைப்பட்டு அதன் பின்மூடியைக் கழற்ற வேண்டா. மின் இணைப்பை நீக்கிய பின்னரும் அதன் உள்ளே உயரழுத்த மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும். குழாயின் உள்ளே காற்றில்லை. உடைந்தால் கண்ணாடி வெடித்துச் சிதறும். அக்கண்ணாடியிலே ஈயமும் கலந்திருக்கின்றது. கிணற்றடியிலோ வாழைப்பாத்தியிலோ அதைப் புதைப்பது கூடவே கூடாது. மின்சாரக் கழிவுகளை ஏற்பவரிடம் முழுதாகவே ஒப்படையுங்கள்.

அடுத்து, மரத்தைப் பரீட்சிக்கவேண்டும். தேக்கு, முதிரை, பலா ஆகியவற்றாலான பெட்டகமாயின் தயங்கவே தேவையில்லை. மேலே நல்ல மரம்போலத் தோன்றி உள்ளே வேறாயிருப்பதும் உண்டு. தட்டின் விளிம்பைப் பாருங்கள். முகத்திலே ஓடும் மரரேகை விளிம்பிலும் தொடர்ந்து இறங்குமாயின் அது முழுப் பலகை. விளிம்பிலே அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை, அதுவும் பயன்படும். தூளும் துகளுமாகத் தெரிந்தால் அழுத்திய பலகை. அது ஈரத்திலே பிட்டுப்போல உப்பும்; ஒருமுறை கழற்றிய திருகாணியை அதே துளையிலே மறுமுறை இறுகப் பிடிக்காது. அத்தகைய பெட்டகத்துக்குச் செலவிடுவதை நான் ஆதரிக்கமாட்டேன். பின்பு விரல் மொட்டால் எங்கும் தட்டிப் பாருங்கள். பொள்ளல் ஓசை எழுந்தால் கறையான். அடியிலே மாப்போன்ற தூள் குவிந்திருந்தால் உளு. ஒரு பலகையோடு நின்றிருந்தால் அப்பலகையை மாற்றலாம். நான்கு பக்கமும் பரவியிருந்தால், வீட்டிலுள்ள மற்றத் தளபாடங்களை எண்ணியேனும் அதைக் கைவிடுதல் நன்று.

இனி அளவுகள். வானொலியிலே படம் வரைந்து காட்ட இயலாது. ஆகையால் ஓர் உதாரணத்தை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். பெட்டகத்தின் உள்ளுயரம் 48 அங்குலம், உள்ளகலம் 34 அங்குலம், உள்ளாழம் 21 அங்குலம் என்று கொள்வோம். நடுத்தட்டு அடியிலிருந்து 20 அங்குல உயரத்திலே இருக்கின்றது. தட்டின் தடிப்பு ஓர் அங்குலம் போக, மேலே 27 அங்குலம் எஞ்சுகின்றது. பத்து வயதுக்குட்பட்ட சிறுவனின் சட்டையும் காற்சட்டையும் தொங்க இந்த இடமே போதும். தட்டைத் தொடவே வேண்டியதில்லை. ஒரு குழாயைப் பொருத்தினால் வேலை முடிந்தது.

வளர்ந்தோருக்காயின் தட்டை இறக்கவேண்டும். மூன்றாக மடித்துக் கொழுவியிலே போட்ட சேலைக்கு ஏறக்குறைய 30 அங்குலமும், ஆண்களின் சட்டைக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாகவும் வேண்டும். நடுத்தட்டைக் கழற்றி, அடியிலிருந்து 8 அங்குல உயரத்திலே மீண்டும் பொருத்துங்கள். மேலே 39 அங்குலம் கிடைக்கும். கீழே ஒரு லாச்சிக்கு இடம் கிடைக்கும். வேட்டி, துவாய், உள்ளாடை ஆகியவை லாச்சியிலே அடங்கும். அலுமாரி என்ற சொல்லைப் போர்த்துக்கேயரும் லாச்சி என்ற சொல்லை ஒல்லாந்தரும் நமக்கு விட்டுச் சென்றார்கள். கோட்டைகள் பாழடைந்தாலும் இந்தச் சொற்கள் நம் அறைகளை விட்டு அகலவில்லை.

நடுத்தட்டை முற்றாக எடுத்து எறிந்துவிட்டுப் பெரிய வெற்றிடமாக்கலாமே என்று சிலர் எண்ணுவர். இங்கேதான் பெரும்பாலான வேலைகள் பழுதாகின்றன. தீப்பெட்டியின் உள்ளறையை உருவிவிட்டு வெறும் உறையை விரலால் ஒரு புறமாகத் தள்ளிப் பாருங்கள், உடனே சரிந்துவிடும். பெட்டகத்தின் கதையும் அதுவே. நடுத்தட்டு கருவியைத் தாங்கியது மட்டுமன்று. இரு பக்கப் பலகைகளையும் சேர்த்துப் பிடித்தும் வைத்திருந்தது. அதை நீக்கினால் பெட்டகம் நாளடைவிலே கோணும், கதவுகள் பொருந்தா, பூட்டு விழாது. தட்டைத் தாழ இறக்கிய பின்னரும், பின்புறத்தின் மேல்விளிம்பிலே 3 அங்குல அகலமான சட்டமொன்றைக் குறுக்காகப் பொருத்தித் திருகாணியால் முடுக்குதல் அவசியம். தட்டு பக்கப் பலகையில் வெட்டிய காடியிலே பசையிட்டு இறக்கப்பட்டிருந்தால் நீங்களே அடித்துப் பெயர்க்க வேண்டா. தச்சரை அழையுங்கள். ஒரு முற்பகல் வேலைதான்.

உடுப்புத் தொங்கும் குழாய் ஓரங்குல விட்டமுள்ள துருப்பிடியாத உருக்குக் குழாயாக இருக்கட்டும். திரைச்சீலைக்குரிய மெல்லிய கம்பி பாரத்தால் வளையும்; துருப்பிடிக்கும் இரும்போ வெள்ளைச் சட்டையிலே கோடிடும். மேற்பலகையிலிருந்து 2½ அங்குலம் கீழேயும், முன்பின்னாக நடுமையத்திலும் குழாய் நிற்கவேண்டும். ஆழம் 18 அங்குலத்துக்குக் குறைந்த பெட்டகமாயின், குழாயைப் பக்கவாட்டிலே போடாது, பின்னிருந்து முன்னாக வருமாறு இரண்டு சிறு குழாய்களைப் பொருத்துங்கள். அப்போது சட்டைகள் முகங்காட்டி நிற்கும், கதவும் மூடும்.

கால்களின் உயரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், இந்தக் குழாய் நிலத்திலிருந்து நாலடிக்குச் சற்று மேலே நிற்கும். கடைகளில் விற்கும் அலுமாரியிலோ அது ஐந்தடியையும் தாண்டி நிற்கின்றது. உயரக் குறைவு ஒரு குறை என்று தோன்றலாம். எனக்கு அது பெரிய நிறைவாகப் படுகின்றது. ஏழு வயதுப் பிள்ளை தாயை அழைக்காமல் தன் சட்டையைத் தானே எடுக்கும். பாடசாலை விட்டு வந்ததும் தானே கொழுவும். பெரிய அலுமாரியின் முன்னே அதே பிள்ளை கதிரை தேடவேண்டியிருக்கும்.

பிள்ளை கையாளும் பொருளென்பதனால் இன்னொன்றை மறக்கலாகாது. கருவியின் பாரம் நீங்கிய பெட்டகம் இலகுவாகிவிட்டது. கதவுகளைத் திறந்து, லாச்சியையும் இழுத்து, அதன்மீது பிள்ளை காலை வைத்து ஏறினால் முழுப் பெட்டகமும் முன்னே கவிழும். ஆகவே மேற்புறத்தின் இரு மூலைகளையும் மடித்த இரும்புத் தகட்டினால் சுவரோடு பிணையுங்கள். பழைய சுண்ணாம்புச் சுவரிலே வெறும் ஆணி நில்லாது. துளையிட்டு ஆப்பு வைத்துத் திருகாணி முடுக்கவேண்டும். இந்த வேலையை நாளைக்கென்று ஒத்திவைக்க வேண்டா.

பெட்டகத்தின் பின்பலகையிலே வெப்பம் வெளியேறவும் மின்வடம் செல்லவும் துளைகள் இருக்கும். அவற்றை அடைத்துவிடாதீர்கள். நமது நாட்டின் ஈரக் காற்றிலே, இறுக மூடிய பெட்டிக்குள் இருக்கும் துணி மாரிகாலத்திலே பூஞ்சணம் பிடிக்கும். அந்தத் துளைகள் உடுப்புக்கு மூச்சுவிடும் வழியாகும். எலியும் கரப்பானும் நுழையாதிருக்க நுண்ணிய கம்பிவலையை உட்புறத்திலே அறைந்துவிடுங்கள். பெட்டகத்துக்கும் சுவருக்குமிடையே இரண்டு அங்குல வெளியும் இருக்கட்டும்; மேலே பிணைக்கும் தகட்டை அதற்கேற்ப நீளமாக எடுக்கலாம்.

கதவிலே கண்ணாடி பதித்திருந்தால் வெயில் பட்டுத் துணியின் நிறம் மங்கும். உட்புறமாக ஒரு கைத்தறித் துணியைக் கட்டிவிடுங்கள். பட்டுச் சேலையை இந்த அலுமாரியிலேயும் நெடுநாள் தொங்கவிடுதல் நன்றன்று. சரிகையின் பாரம் இழையை இழுக்கும். பருத்தித் துணியிலே சுற்றித் தட்டிலே வைத்து, இடையிடையே மடிப்பை மாற்றுங்கள். பூச்சிக்கு வெட்டிவேரும் உலர்ந்த வேப்பிலையும் வைக்கலாம். நப்தலீன் உருண்டை போடும் வழக்கமுள்ளவர்கள் பச்சிளங் குழந்தையின் உடுப்புகளை அதிலிருந்து விலக்கியே வைக்கவேண்டும். சில குழந்தைகளின் செங்குருதிக் கலங்களை அந்த ஆவி சிதைத்துவிடும். பிறப்பிலேயே உள்ள நொதியக் குறைபாடொன்று அதற்குக் காரணம். எந்தக் குழந்தைக்கு அக்குறைபாடு உண்டென்று பார்த்தறிய முடியாது.

கடைசியாக மெருகு. வெளிப்புறத்தை அரத்தாளால் மரரேகையின் போக்கிலே தேய்த்து, தூசி துடைத்து, இரண்டு முறை வார்னிஷ் பூசுங்கள். உட்புறத்துக்கு வார்னிஷ் வேண்டா. அதன் நெடி துணியிலே ஏறினால் எளிதில் நீங்காது. நன்றாகத் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்து, வெயிலிலே காயவிட்டாற் போதும். பின்பு கதவுகளைத் திறந்தபடியே ஒரு வாரம் வையுங்கள். பூட்டுக்குச் சிறிது எண்ணெய் இடுங்கள். அதன் திறப்பை இம்முறை பிள்ளையிடமே கொடுத்துவிடலாம்.