பட்டணத்து மளிகை லிஸ்டில் நம்ம பொருளுக்கு ஓர் இடம்
(ஆண்டு விழாக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மேடையில பேசிப் பழக்கமில்லை. நம்ம குழுக்கள் அரைக்கிற சாம்பார் பொடி, இட்லிப் பொடி விற்கிறதைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்ல வந்திருக்கிறேன்.

கடன் வாங்கி மதுரையில் ஒரு கடை பிடிக்கலாம் என்று போன கூட்டத்தில் பேச்சு வந்தது. நல்ல ஆசைதான். ஆனால் கடை என்றால் அட்வான்ஸ், வாடகை, கரண்டு பில், ஆள் சம்பளம் எல்லாம் இருக்கிறது. பொருள் விற்றாலும் விற்காவிட்டாலும் மாதம் பிறந்தால் தவணை கட்டணும். அதனால மதுரைக்காரங்க மளிகையை எங்கே வாங்குறாங்க, ஏன் அங்கே வாங்குறாங்கன்னு முதல்ல தெரிஞ்சுக்கணும். என் நாத்தனார் அங்கேதான் வாடகை வீட்டில் இருக்கிறாள். அவளையும் அக்கம்பக்கத்து வீட்டுப் பெண்களையும் கேட்டேன்.

முதல் விஷயம், ஒரு வீட்டுக்காரங்க ஒரே கடையில் எல்லாம் வாங்குறதில்லை. ரேஷன் கடையில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வரிசையில் நிற்க நேரம் இருக்கிறவங்க அதை விடுறதில்லை. மீதிக்குத்தான் லிஸ்ட் போடுறாங்க. சம்பளம் வந்த முதல் வாரத்தில் மாசச் சாமான் வாங்குறாங்க. பெரிய குடும்பம் என்றால் கீழமாசி வீதி மொத்தக் கடைக்குப் போவார்கள். மூட்டையாக வாங்கினால் கிலோவுக்குச் சில ரூபாய் மிச்சம். ஆனால் ஆட்டோ வாடகை கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தால் அந்த மிச்சம் கரைந்துவிடும் என்று சின்னக் குடும்பத்துக்காரங்க சொல்றாங்க.

அவங்க சூப்பர் மார்க்கெட்டுக்குப் போறாங்க. அங்கே கையில் எடுத்துப் பார்க்கலாம், தேதி பார்க்கலாம், யாரும் ஒண்ணும் கேட்க மாட்டாங்க. “ஆனா மதினி, அஞ்சு சாமான் வாங்கப் போனா பத்தா வந்துருது” என்றாள் என் நாத்தனார்.

இருபதாம் தேதிக்கு மேல் கை காய்ந்துவிடும். அப்போது தெருமுனை அண்ணாச்சி கடைதான். கால் கிலோ சீனியும் தருவார், நோட்டில் எழுதிக்கிட்டுக் கடனும் தருவார், பிள்ளையை அனுப்பினாலும் சரியாகக் கொடுத்துவிடுவார். விலை ரெண்டு ரூபாய் கூட என்று தெரிந்தும் அங்கேயே வாங்குவது இதனால்தான்.

காய்க்கு உழவர் சந்தை. தமிழ்நாட்டிலேயே முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணாநகரில்தான் திறந்தார்கள். அன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போடுவதால் பேரம் பேச வேண்டியதில்லை. ஆனால் காலையிலேயே போகணும். புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் அதுக்கு நேரம் இல்லை. அவங்க ராத்திரி போனில் ஆர்டர் போடுறாங்க. அவங்களுக்குக் காசைவிட நேரம்தான் பெரிசு.

இதிலிருந்து எனக்குப் புரிஞ்சது ஒண்ணுதான். விலை மட்டும் பார்த்து யாரும் கடையை முடிவு பண்றதில்லை. கையில் இருக்கிற காசு, நேரம், தூரம், நம்பிக்கை நாலையும் சேர்த்துப் பார்க்கிறாங்க. அதனால நாம புதுசாக் கடை திறந்தா, பழகின கடையை விட்டுட்டு மொத்த லிஸ்டையும் நம்மகிட்ட கொண்டு வரமாட்டாங்க. ஆனால் ஒரே ஒரு சாமானுக்கு மாறுவார்கள். “பொடி நல்லா இருந்தா அது மட்டும் தனியா வாங்கிக்குவோம்” என்று அத்தனை வீட்டிலும் சொன்னார்கள். அந்த ஒரு சாமானாக நம்ம பொடி இருக்கணும்.

அதுக்கு என் யோசனை இது. கடைக்குக் கடன் இப்போ வேண்டாம். ஜனங்க ஏற்கெனவே போற இடத்துக்கு நாம போவோம். ரெண்டு மூணு அண்ணாச்சி கடையில் கமிஷனுக்கு வைப்போம். மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை அடுக்குமாடி வீடுகள் இருக்கிற இடத்தில் அனுமதி கேட்டு மேசை போடுவோம். ஒரு மாதம் போய் மறு மாதம் போகாமல் இருந்தால் நம்பிக்கை போயிடும். அரைக் கிலோ பாக்கெட்டோடு 50 கிராம் பாக்கெட்டும் போடணும். புதுசா வாங்குறவங்க சின்னதைத்தான் முதலில் எடுப்பாங்க.

பாக்கெட்டில் அரைத்த தேதி, எடை, விலை, என்னென்ன சேர்த்தது, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண், குழுவின் பேர், போன் நம்பர் எல்லாம் தெளிவாக இருக்கணும். பட்டணத்துப் பெண்கள் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குறாங்க. எந்தக் குழு அரைத்தாலும் ஒரே அளவு மிளகாய், ஒரே அளவு மல்லி போடணும். இந்த மாதம் காரம், அடுத்த மாதம் சப்பு என்றால் மூணாவது மாதம் யாரும் வரமாட்டாங்க.

ஆறு மாதம் இப்படி விற்றுக் கணக்கு எழுதுவோம். எத்தனை பாக்கெட் போச்சு, அதில் எத்தனை பேர் திரும்ப வந்து வாங்கினாங்கன்னு பார்ப்போம். திரும்ப வாங்குறவங்க கூடினால் அப்போ கடையைப் பற்றிப் பேசலாம். கூடாவிட்டால் நம்ம சேமிப்பு நம்மகிட்டேயே இருக்கும். ஒவ்வொரு குழுவிலும் இதைப் பேசி, அடுத்த கூட்டத்தில் முடிவு சொல்லுங்க.